பனித் திட்டுக்குள் நுழைகிற இடம்: மார்கழி, தை விடியலில் நம் சாலைகள் – உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வாலாஜாபேட்டையிலிருந்து

வெயிலுக்குப் பேர் போன ஊர் என்பதால், வேலூர்ப் பக்கம் மூடுபனி என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள். மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு, மார்கழி நடுவிலிருந்து மாசி தொடக்கம் வரை, விடிகாலை நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே இங்கே வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். மழை அளவு எழுதுகிறோம், புயல் எங்கே கரை கடக்கும் என்று ராத்திரி முழுக்க முழித்திருந்து பேசுகிறோம். பனியை மட்டும் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். அதனால்தான் இந்தப் பதிவு. நீங்கள் பனியில் மாட்டியது எந்த இடம், எத்தனை மணி, முந்தின நாள் சாயங்காலம் வானம் எப்படி இருந்தது, இதையெல்லாம் எழுதுங்கள். இடம் தெரிந்தால் அடுத்தவர் அங்கே வேகத்தைக் குறைப்பார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சொந்தக்காரரை மீனம்பாக்கத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி ஐந்து இருக்கும். தாமல் தாண்டி, ஓச்சேரி தாண்டி, வானத்தில் நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தது. பனி இருக்கும் என்று நினைக்கக் காரணமே இல்லை. காவேரிப்பாக்கம் ஏரி நெருங்கும்போது எனக்கு முன்னால் போன பஸ்ஸின் பின்விளக்கு இரண்டும் சட்டென்று காணாமல் போயின. பஸ் திரும்பவும் இல்லை, மேடு இறங்கவும் இல்லை. பனிக்குள் போய்விட்டது. அதைப் பார்த்துத்தான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். உள்ளே போனதும் பானெட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. இடது ஓரமாக, பின்னால் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாமல், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ்காரர் எப்படியோ ஒதுங்கிப் போய்விட்டார். நான் டிராக்டருக்குப் பின்னாலேயே மெதுவாக வந்தேன். கொஞ்ச தூரத்தில் பனி முடிந்தது, மறுபடி நட்சத்திரம்.

அடுத்த டீக்கடையில் அந்த டிராக்டரும் நின்றது. ஓட்டியவர் வயதானவர், தலையில் துண்டு கட்டியிருந்தார். "பின்னால லைட் இல்லையேப்பா" என்று கேட்டேன். "லைட் எரியுது சார், வந்து பாருங்க" என்று கூட்டிப்போய்க் காட்டினார். உண்மைதான், எரிந்துகொண்டுதான் இருந்தது. டிரெய்லரைத் தாண்டித் தொங்கிய கரும்புத் தோகை அதை முழுக்க மூடியிருந்தது. இது எனக்குப் பெரிய பாடம். விளக்கு இல்லாத வண்டியைப் பிடித்து அபராதம் போடலாம். விளக்கு இருந்தும் தெரியாத வண்டிக்கு வேறு வழிதான் யோசிக்க வேண்டும்.

காட்பாடியிலிருந்து

அண்ணா, நீங்கள் சொன்ன "நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தது" என்பதுதான் இதில் முக்கியமான அடையாளம். வானம் தெளிவாக இருந்தால்தான் இந்தப் பனி வரும். பகலில் தரை வாங்கிய சூட்டை ராத்திரி மேலே விட்டுவிடும். மேகம் இருந்தால் அது அந்தச் சூட்டைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாத ராத்திரியில் தரை மளமளவென்று குளிரும், அதை ஒட்டியிருக்கிற காற்றும் குளிரும். அந்தக் காற்றில் ஈரம் இருந்தால் விடியற்காலையில் துளித்துளியாகி அப்படியே நிற்கும். ஈரத்துக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் முடியும்போது ஏரி, கழனி, பாலாற்று மணல் எல்லாம் நனைந்திருக்கும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாம் எல்லோருமே போய்ப் பார்த்தோம். அந்த மாதிரி வருஷத்தில் பொங்கல் வரைக்கும் மண் காயாது.

குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தைத் தேடித்தான் போகும். அதனால்தான் நம் ஊர்ப் பனி திட்டுத் திட்டாக இருக்கிறது. ஏரிக்கரை, ஓடைப் பாலம், ஆற்றை ஒட்டிய சாலை, மலை அடிவாரக் கழனி, இங்கெல்லாம் தேங்கும். நூறு அடி மேடான இடத்தில் பனியே இருக்காது. வட இந்தியாவில் ஊரையே நாள் கணக்கில் மூடுகிற பனி ஒரு வகை. அங்கே ஓட்டுகிறவர் கிளம்பும்போதே எச்சரிக்கையாகத்தான் கிளம்புவார். நமக்கு அந்த முன்னறிவிப்பு இல்லை. எண்பதில் போய்க்கொண்டே திட்டுக்குள் நுழைவோம். உள்ளே போன பிறகு எல்லோரும் மெதுவாகத்தான் போகிறார்கள், நுழைகிற அந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

ஒரு கணக்கு. எண்பது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். பனியில் 50 மீட்டர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நிற்பதைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் 33 மீட்டர் போயாச்சு. மிச்சம் 17 மீட்டர். ஈரமான தார்ச் சாலையில் நிற்பதற்கு அதைப் போல இரண்டு பங்குக்கு மேல் வேண்டும். அதே இடத்தில் நாற்பதில் போனால் மொத்தமே 30 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

வானிலைத் துறை கணக்கில் பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி, 200-க்குக் கீழே அடர்ந்த பனி, 50-க்குக் கீழே மிக அடர்ந்த பனி. சாலையில் இதை அளக்க எளிய வழி, மீடியன் செடிகளுக்கு நடுவே நிற்கிற விளக்குக் கம்பங்கள். அடுத்த கம்பம் தெரியவில்லை என்றால் நிலைமை மோசம்.

ஆம்பூரிலிருந்து

ஷூ கம்பெனி வேன் ஓட்டுகிறேன். விடியற்காலையில் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குள் கம்பெனி கேட்டில் இறக்க வேண்டும். அதனால் நான் பனி அடங்கட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. என் மாதிரி ஆட்கள் நிறையப் பேர். பால் வண்டி, பூ வண்டி, பேப்பர் போடுகிற பையன், காய்கறி ஏற்றிக்கொண்டு மார்க்கெட் போகிறவர். "அந்த நேரத்தில் வெளியே வராதீங்க" என்று சொல்வது சுலபம்.

பள்ளிகொண்டா தாண்டினால் மாதனூர் வரைக்கும் ஆறு பக்கத்திலேயே வரும். அதில் பனி பிடித்தால் ஆம்பூர் வரைக்கும் விடாது. அங்கே ஓட்டி ஓட்டி நான் பழகியது இவ்வளவுதான். ஹைபீம் போடவே கூடாது. போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிடும். டிம்மில் போட்டால் தரை தெரியும். தரையில் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டணும். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு, அந்த லாரி பள்ளத்தில் இறங்கினால் நாமும் இறங்குவோம். கண்ணாடியைப் பாதி இறக்கிவிடுவேன். குளிரும்தான், பின்னால் பெண்கள் "அண்ணே, ஜன்னலை ஏத்துங்க" என்று சத்தம் போடுவார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லிவிடும். லாரி நிற்கிறதா, ஓடுகிறதா என்பது சத்தத்தில் தெரியும்.

ஒரு நாள் மாதனூர்கிட்ட டயர் பஞ்சராகி ஒரு டாரஸ் லாரி நின்றுகொண்டிருந்தது. பாதி சர்வீஸ் ரோட்டுப் பக்கம், பாதி ரோட்டில். டிரைவர் தம்பி நல்ல பையன், வண்டிக்குப் பின்னால் ரொம்ப தூரம் தள்ளி இலைதழை வெட்டிப் போட்டு வைத்திருந்தார். கூடவே கிளீனர் டார்ச் வைத்துக்கொண்டு டிவைடர் ஓரமாக நின்று ஆட்டிக்கொண்டிருந்தார். வண்டியை ஒட்டியே நாலு கல்லை வைத்துவிட்டு டயர் கழற்றுகிறவர்களைத்தான் வழக்கமாகப் பார்ப்போம். தழை என் டயரில் பட்ட சத்தத்தில்தான் நான் நிதானித்தேன். வேனில் பதினாலு பெண்கள் இருந்தார்கள். அந்தப் பையன் யாரென்றே தெரியாது, நல்லா இருக்கணும்.

இன்னொன்று. சூரியன் வந்துவிட்டது, இனி பனி குறையும் என்று நினைத்து ஏழு மணிக்கு வேகம் எடுப்பார்கள். விடிந்ததும் அரை மணி, முக்கால் மணி நேரம் பனி இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். நான் பார்த்த பெரிய விபத்துகள் எல்லாமே அந்த வெளிச்சத்தில்தான்.

காட்பாடியிலிருந்து

ஆமாம் அண்ணே, அது சரிதான். வெயில் முதலில் படும்போது புல்லிலும் இலையிலும் இருக்கிற ஈரம் ஆவியாகி மேலே வரும், லேசான காற்றும் கிளம்பி அந்த ஈரத்தைக் கலக்கிவிடும். அதனால் கொஞ்ச நேரம் இன்னும் அடர்த்தியாகும். தரை சூடேறிய பிறகுதான் கலையும்.

குடியாத்தத்திலிருந்து

டூவீலர்காரர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை, மலையடிவாரக் கிராமத்துக்குத் தினமும் ஸ்கூட்டியில் போகிறேன். ஹெல்மெட் கண்ணாடியில் வெளிப்பக்கம் பனி, உள்பக்கம் மூச்சு. துடைத்தால் துடைத்த இடத்தில் மறுபடி படியும். கண்ணாடியைத் தூக்கிவிட்டால் கண்ணில் நீர் கொட்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரண்டு மடங்கு கஷ்டம். நான் செய்வது, கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைப்பது, கழுத்துத் துணியை மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்டுவது. மூச்சு மேலே போகாமல் இருந்தாலே பாதி சரியாகிவிடுகிறது.

எங்கள் பாதையில் எனக்குப் பயம் எதிரே வருகிற வண்டி மேல் இல்லை. கருப்புச் சால்வை போர்த்திக்கொண்டு ரோட்டோரம் நடந்து வருகிற வயசானவர்கள், இருமுடி கட்டிக் கருப்பு வேட்டியில் நடக்கிற சாமிமார்கள், இவர்கள்தான். சாமிமாருக்குக் குளிருமென்று போர்வையும் கறுப்பிலேயே இருக்கும். பக்கத்தில் வரும்வரை தெரியவே தெரியாது. எங்கள் தெருவில் மாலை போட்டவர்களிடம் பையின் பின்பக்கம் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். குருசாமி முதலில் யோசித்தார், அப்புறம் அவரே கடையில் சுருளாக வாங்கி எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார்.

ஏலகிரியிலிருந்து

மேலே நிலைமை வேறு. மழைக்காலத்தில் எங்கள் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் நீங்கள் பார்ப்பது மேகம், அது எந்த நேரத்திலும் வரும், பகல் பன்னிரண்டு மணிக்கும் வரும். தையில் பெரும்பாலும் மேலே பளிச்சென்று இருக்கும், கீழே சமவெளி முழுக்க வெள்ளையாகத் தெரியும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் பார்த்து ரசித்துவிட்டு, வெயில் அடிக்கிறதே என்ற தைரியத்தில் வேகமாக இறங்கி, அடிவாரத்தில் நேராக அதற்குள் போகிறார்கள். காலையில் இறங்குகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். எங்கே என்று வேண்டாம். பனிக்கால விடியலில் வருகிற காயங்களில் மனசுக்கு மிகவும் கஷ்டமானது, உதவி செய்யப் போய் அடிபட்டு வருகிறவர்கள். முதல் மோதலில் சின்னக் காயம்தான் இருக்கும். எல்லோரும் இறங்கி ரோட்டிலேயே நின்று பேசுவார்கள், போட்டோ எடுப்பார்கள். பின்னால் வருகிற வண்டிக்கு அவர்கள் நிற்பது தெரியாது. தயவுசெய்து முதலில் ஆட்களை ரோட்டை விட்டு ஓரத்துத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள், வண்டியை அப்புறம் பார்க்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள், தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணும் இருக்கிறது. எந்தப் பக்கம் போகிற பாதை என்று கட்டாயம் சொல்லுங்கள், "பள்ளிகொண்டா கிட்ட" என்றால் போதாது. சென்னை போகிற பக்கமா, பெங்களூரு போகிற பக்கமா என்று தெரியாவிட்டால் ஆம்புலன்ஸ் மறுபக்கம் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

போலீஸ் கேஸ் ஆகுமோ, செலவு நம் தலையில் விழுமோ என்று தயங்குகிறவர்களுக்கு: 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே பணம் கட்டுகிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. உங்கள் பெயரைச் சொல்ல யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

திருவலத்திலிருந்து

நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்களே, அது சரியா? எனக்கு அது நிற்கிற வண்டியா, போகிற வண்டியா என்றே புரிவதில்லை.

ஆம்பூரிலிருந்து

போட வேண்டாம் தம்பி. நின்றால் மட்டும் போடணும். ஓடும்போது போட்டால் திரும்புவதற்கு இண்டிகேட்டர் கிடையாது, நீங்கள் சொன்ன குழப்பமும் வரும். டிம் லைட், பனிவிளக்கு இருந்தால் அது, போதும்.

ராணிப்பேட்டையிலிருந்து

போகியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய டயர், பிளாஸ்டிக் எல்லாம் விடியற்காலையில் கொளுத்துகிறார்கள். புகைத் துகள் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு ஈரம் படியும், புகையும் பனியும் ஒன்றாகித் தரையிலேயே நிற்கும். பைபாஸ் ஓரத்துத் தெருக்களில் இருப்பவர்கள் அன்றைக்கு ரோட்டோரமாகக் கொளுத்தாமல் இருந்தாலே பெரிய உதவி.

வாலாஜாபேட்டையிலிருந்து

எழுதிய எல்லோருக்கும் நன்றி. இதுவரை வந்த இடங்கள்: காவேரிப்பாக்கம் ஏரி ஓரம், பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை ஆற்றோரம், குடியாத்தம் மலையடிவாரக் கிராமச் சாலைகள், ஏலகிரி அடிவாரம். பொன்னை ஆற்றுப் பக்கமும், ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கமும் இருப்பவர்கள் இன்னும் எழுதவில்லை. எழுதுங்கள்.

கரும்பு வண்டி விஷயத்துக்கு ஒரு வழி தோன்றுகிறது. விளக்கைத் தோகை மூடுகிறது என்றால், பாரம் ஏற்றி முடித்த பிறகு கடைசிக் கட்டின் மேல் தொங்கவிடுகிற மாதிரி ரேடியம் ஒட்டிய சாக்கு ஒன்று போதும். கொக்கி வைத்துத் தைத்தால் இறக்கும்போது கழற்றிக்கொள்ளலாம். செலவு அதிகம் ஆகாது. அந்தப் பெரியவரிடம் பேசியபோது, "குடுத்தா மாட்டிக்கிறேன் சார், எனக்கும் பின்னால எவன் வந்து இடிப்பான்னு பயமாத்தான் இருக்கு" என்றார். திருவலம் தம்பி, சர்க்கரை ஆலைக்கு வண்டிகள் வரிசையில் நிற்கிற இடம் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு வர முடியுமா? தைப்பதற்குச் சாக்கும் ஆளும் நான் பார்த்துக்கொள்கிறேன். குருசாமி ரேடியம் வாங்கிய கடை எது என்று டீச்சர் சொன்னால் நல்லது.

இன்றைக்கு இங்கே மழை நின்று மூன்றாவது நாள். வாடைக்காற்றும் சாயங்காலத்தோடு அடங்கிவிட்டது. ஏரி நிறைந்திருக்கிறது, வானத்தில் மேகம் இல்லை. நாளைக் காலை நாலு மணிக்கு மேல் வண்டி எடுக்கிறவர்கள் காவேரிப்பாக்கத்தில் நாற்பதுக்கு மேல் போகாதீர்கள்.