அம்மாவின் ஜெப நோட்டில் 27-ஆவது பெயர்

கேள்வி – பாளையங்கோட்டைக்காரி

அம்மா போன பிப்ரவரியில் கர்த்தருக்குள் நித்திரையானார்கள். பீரோவை ஒதுங்க வைக்கும்போது ஒரு கோடு போட்ட நோட்டு கிடைத்தது. அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. உள்ளே முழுக்கப் பெயர்கள், மொத்தம் 43. காலை நாலரைக்கு முழங்காலில் நின்று அம்மா முணுமுணுத்தது இதைத்தான் என்று இப்போதுதான் புரிந்தது. பால்காரர், போஸ்ட்மேன், கூட வேலை பார்த்த டீச்சர், ஹாஸ்டலில் என் அறையில் இருந்த ஒரு பெண் (அவளை எனக்கே மறந்துவிட்டது). ஜெபம் கேட்கப்பட்ட பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஸ்தோத்திரம்’ என்று இருக்கும்.

27-ஆவது பெயரில்தான் சிக்கல். சீட்டு பிடித்தவர். 2009-இல் அம்மா கட்டின பணத்தோடு ஊரைவிட்டே போனவர். என் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அது.

நோட்டை நான் தொடர வேண்டும் என்று ஆசை. 26 வரை தடையில்லாமல் போகிறது, அந்தப் பெயரில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எல்லையில்லாத அன்புள்ள தேவனுக்கு அவரை நான் ஞாபகப்படுத்தத்தான் வேண்டுமா? மனசில்லாமல் வாயால் மட்டும் சொன்னால் மாய்மாலம் ஆகாதா?

பதில் – தூத்துக்குடி மீன்காரன்

நாங்கள் கத்தோலிக்கர். புனித வெள்ளி வழிபாட்டில் 10 பெரிய மன்றாட்டுகள் உண்டு. திருச்சபைக்காகத் தொடங்கி யூதர்கள், கிறிஸ்துவை நம்பாதவர்கள், கடவுளையே நம்பாதவர்கள், ஆட்சியில் இருப்பவர்கள் என்று ஒருவரையும் விடாமல் போகும். அந்த நேரம் எனக்கு எல்லார்மேலும் பாசம் பொங்குகிறது என்று சொன்னால் பொய். முட்டி வலிக்கும், அவ்வளவுதான். ஆனாலும் சொல்கிறேன். அது மாய்மாலம் என்றால் நான் 30 வருடமாக மாய்மாலக்காரன்.

பதில் – ஓய்வுபெற்ற வாத்தியார்

மகளே, கர்த்தர் அழிக்கப்போன சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம் பேரம் பேசினதை எடுத்து வாசித்துப் பார். 50 நீதிமான்கள் அங்கே இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்து 45, 40, 30, 20 என்று 10 வரை இறங்குகிறார். ஒவ்வொரு தடவையும் கர்த்தர் சரி என்கிறார். பத்தோடு நிறுத்தினது ஆபிரகாம்தான். ‘இரக்கம் யார் பக்கம் முதலில் தீர்ந்தது?’ என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்பேன். பதில் சொல்லக் கொஞ்சம் தயங்குவார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபு. ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்களே அவரைக் குற்றவாளியாக்கினார்கள். 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவர்களை யோபுவிடமே அனுப்புகிறார், அவர்களுக்காக அவர் வேண்டுதல் செய்ய. யோபுவுக்கு மனசு ஆறினது, கோபம் தணிந்தது என்று அங்கே ஒரு வரியும் கிடையாது. வேண்டுதல் செய்தபோது அவர் சிறையிருப்பு, அதாவது அவர் பட்ட துன்பம், மாறினது என்றுதான் இருக்கிறது. மனசு ஆறின பிறகு ஜெபித்தார் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

மோசே இன்னும் மேலே போனார். கன்றுக்குட்டியைக் கும்பிட்ட ஜனத்தை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்றார். அந்த அளவு எனக்கு வராது. வரப்புத் தகராறில் எனக்கும் என் அண்ணனுக்கும் 11 வருடமாகப் பேச்சு இல்லை. அவனுக்காக ஜெபிக்கத் தொடங்கினபோது ‘ஆண்டவரே, அவனுக்கு நல்ல புத்தி கொடும்’ என்பேன். அது ஜெபமே இல்லை, புகார் மனு. பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடப் பழக இரண்டு வருடம் ஆனது. அண்ணன் இன்றைக்கும் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் அவன் பேரனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்பெல்லாம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பதில் – சபை செயலாளர் (முன்னாள்!)

ஒன்றே ஒன்று சொல்கிறேன் அக்கா. அந்தப் பெயரைச் சபை வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போட்டுவிடாதீர்கள். எங்கள் சபையில் ஒரு வீட்டு விஷயம் இப்படித்தான் சாயங்காலத்துக்குள் நாலு தெரு சுற்றியது. கைகூப்பும் பொம்மை மட்டும் எழுபதோ எண்பதோ விழுந்தது. இன்னொன்று, அவருக்காக ஜெபித்தால் கடன் தள்ளுபடி என்று அர்த்தமில்லை. ஆள் எதிரே வந்தால் பணத்தைத் தாராளமாகக் கேளுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, மோசே சொன்னதைப் படித்துவிட்டு நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 27-இல் அந்தப் பெயர் இரண்டு தடவை இருக்கிறது. முதலில் எழுதினதை அம்மா கிறுக்கிப்போட்டிருக்கிறார்கள், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. அதற்குக் கீழே வேறு பேனாவில், கொஞ்சம் சின்ன எழுத்தில், திரும்பவும் எழுதியிருக்கிறார்கள். ஏதோ எழுத்துப் பிழையைத் திருத்தினது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இன்று காலை 26-க்கு அப்புறம் பெயரை மட்டும் சொன்னேன். மேலே ஒன்றும் வரவில்லை. 28-க்குப் போய்விட்டேன். அது போஸ்ட்மேன்.