போர்னியோவில் ஒராங்குட்டான் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளப் போகலாமா?

வழிப்போக்கன்:
ஜூனில் நான்கு வாரம் விடுப்பு இருக்கிறது. போர்னியோ தீவில் தாயை இழந்த ஒராங்குட்டான் (மனிதக் குரங்கு) குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடும் மையம் ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போக ஆசை. கட்டணமும் உண்டு. போனவர்கள் சொல்லுங்கள்.

சேரன்:
போகாதீர்கள். ஒராங்குட்டான் குட்டி ஏழெட்டு வருடம் தாயோடுதான் இருக்கும். எந்த மரம் எப்போது பழுக்கும், ராத்திரி படுக்கக் கிளையை எப்படி வளைத்துக் கூடு கட்டுவது, எல்லாம் அம்மாவைப் பார்த்துத்தான் பழகும். தாயைக் கொல்லாமல் குட்டியைப் பிடிக்கவே முடியாது. அப்படி வந்ததை மாதம் ஒரு புது முகம் தூக்கிக் கொஞ்சிவிட்டுக் கிளம்பினால் அது யாரைத்தான் நம்பும்? நம் சளியும் காசநோயும்கூட அதற்குத் தொற்றும்.

தேன்மொழி:
சேரன் அண்ணா, நான் போய்வந்தவள். ஒரு குட்டியைக்கூடத் தொடவில்லை, தொட விடவும் இல்லை. காலையில் முகக்கவசம் போட்டுப் பப்பாளியும் கரும்பும் நறுக்குவோம். அப்புறம் கூண்டு கழுவுவோம். மத்தியானம் மூங்கிலில் துளை போட்டு, உள்ளே தேன் தடவி, இலையைத் திணித்து அடைப்போம். ஒரு குட்டி அந்த இலைகளை ஒவ்வொன்றாக உருவிப் பக்கத்தில் போட்டுவிட்டு, குச்சியை விட்டு நோண்டித் தேனை நக்கியது. அரைமணி நேரம் நிமிரவே இல்லை. காட்டில் அது பிழைக்க அந்தப் பொறுமைதான் வேண்டும்.

சேரன்:
சரி, பப்பாளி நறுக்க இங்கிருந்து ஆள் எதற்கு? 2020-இல் பயணமெல்லாம் நின்றபோது உள்ளூர் ஊழியர்கள்தானே பார்த்துக்கொண்டார்கள்?

தேன்மொழி:
பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வெளியாட்கள் கட்டும் பணம் நின்றதில் பல மையங்கள் திண்டாடின. நான் இருந்த இடத்தில் எங்கள் கட்டணத்தில்தான் பராமரிப்பாளர்களுக்குச் சம்பளமே.

கிள்ளான்வாசி:
நான் மலேசியா. மையத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், காடு எங்கே? போர்னியோவில் எங்கள் சபா மாநிலத்தில் செப்பிலோக் ஒராங்குட்டான் மையம் 1964-இல் தொடங்கியது. இன்று பக்கத்துச் சண்டகான் நகரத்திலிருந்து கினபாத்தாங்கான் ஆற்றுக்குக் காரில் போனால் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனைத் (பாமாயில் பனை) தோட்டம்தான். 2016-இல் போர்னியோ ஒராங்குட்டானை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்துவிட்டார்கள். அதற்கு நீந்தத் தெரியாது, ஓடை குறுக்கிட்டால் துண்டுக் காட்டிலேயே முடங்கிவிடும். அதனால் சுக்காவ் கிராமத்துப் பக்கம் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு ஓடைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கே உள்ளூர்ப் பெண்கள் சம்பளத்துக்கு மரக்கன்று நடுகிறார்கள். என் பணம் அந்த மாதிரி வேலைக்குத்தான் போகும்.

தேன்மொழி:
காடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இன்றைக்குக் கூண்டில் இருக்கும் குட்டிக்கு நாளைக் காலை யாராவது பழம் நறுக்கியாக வேண்டுமே.

வழிப்போக்கன்:
நான் பார்த்துவைத்திருந்த மையத்துக்கு எழுதி, குட்டிகளைத் தொடலாமா என்று கேட்டேன். தினமும் தூக்கி விளையாடலாம், படமும் எடுக்கலாம் என்று பதில் வந்தது. அங்கே பணம் கட்டப் போவதில்லை. தேன்மொழி அக்கா, நீங்கள் போன இடத்தின் விவரத்தைத் தனிமடலில் அனுப்ப முடியுமா?

சேரன்:
அங்கேயும் ஒன்று கேளுங்கள்: இதுவரை எத்தனை குட்டிகளைக் காட்டில் விட்டார்கள், எந்தக் காட்டில்?