எடிட்டர் திருத்திய பிறகு அது என் கதையா? முதல் தன்வரலாறு பற்றி ஒரு கேள்வி

வெள்ளாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். 12 வருடம் சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். அங்கே இருந்தபோது டார்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதியது 4 நோட்டு இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கட்ட அம்மாவின் தோடு போனதில் ஆரம்பித்து, வேலை பெர்மிட் முடிந்து ஏர்போர்ட்டுக்கு வந்த நாள் வரைக்கும். நடுவில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன். 2017ல் ஷரீஃப் உத்தின் என்ற பங்களாதேஷ் கட்டுமானத் தொழிலாளியின் டைரியை அங்கே ஒரு பதிப்பகம் ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டு, அடுத்த வருடமே அதற்கு சிங்கப்பூர் புத்தக விருதும் கிடைத்தது. நம்மை மாதிரி சைட்டில் வேலை பார்க்கிற ஆள் வங்காளத்தில் எழுதியது. அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நோட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன்.

இப்போது ஒரு பதிப்பகம் போடுகிறோம் என்கிறார்கள். பணம் கேட்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். எடிட்டர் முதல் 3 அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பினார், படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஒரே ஒரு இடம் போடுகிறேன்.

நான் எழுதியது: "லாரியில் பின்னாடி உட்கார்ந்து போவோம். விடியக்காலம் 5 மணி, தூக்கம் கண்ணைக் கட்டும். தூங்கினால் சாய்ந்துவிடுவோம் என்று பக்கத்து ஆள் பெல்ட்டுக்குள் விரலை விட்டுக்கொள்வோம். என் பக்கத்தில் எப்போதும் ஒரு பங்களாதேஷ் ஆள். அவன் பெயர் ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். அதுவரை பெல்ட் மட்டும்தான் தெரியும்."

அவர் திருத்தியது: "அதிகாலைக் காற்று எங்கள் கனவுகளை உலுக்கியபடி வீசியது. முகமறியாத தோழர்களின் தோள்களில் சாய்ந்தபடி எதிர்காலத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தோம்."

யாரும் யார் தோளிலும் சாயவில்லை. இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பிழைதிருத்தி

தம்பி, நான் 20 வருடத்துக்கு மேலாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன். அந்தத் திருத்தம் மோசம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எடிட்டரே வேண்டாம் என்று மட்டும் போய்விடாதீர்கள். முதல் புத்தகம், அதுவும் தன் வாழ்க்கையை எழுதுகிற புத்தகம், இன்னொரு கை படாமல் நன்றாக வந்ததாக என் அனுபவத்தில் இல்லை.

பேபி ஹால்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வயதில் கல்யாணம். 25 வயதில் புருஷன் அடி தாங்காமல் 3 பிள்ளைகளோடு வங்காளத்திலிருந்து ரயிலேறி டெல்லிப் பக்கம் வந்தவர், வீட்டு வேலைக்கு. குர்கானில் கடைசியாகச் சேர்ந்த வீடு பிரபோத் குமார் என்ற ஓய்வுபெற்ற மானுடவியல் பேராசிரியர் வீடு, இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன் அவர். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண் ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துப் பார்ப்பதைக் கவனித்து, தஸ்லிமா நஸ்ரின் தன் சிறுவயதைப் பற்றி வங்காளத்தில் எழுதிய புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார். அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். உன் கதையை எழுது என்றார். அந்த அம்மா சமையலெல்லாம் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு எழுதினார். பேராசிரியர் அதைத் திருத்தினார், இந்தியில் மொழிபெயர்த்தார், நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். 2002ல் கொல்கத்தாவில் ஒரு சின்னப் பதிப்பகம் 'ஆலோ ஆந்தாரி' என்று போட்டது. 2006ல் ஊர்வசி புட்டாலியா ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 11ஆம் வகுப்பு என்சிஇஆர்டி இந்திப் பாடத்திலும் அதில் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அந்தக் கை இல்லாவிட்டால் இது எதுவுமே நடந்திருக்காது.

கரிசல்காட்டாள்

ஐயா, நீங்கள் சொன்ன அதே கதையை நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்த அம்மா எழுதியது வங்காளத்தில். முதலில் அச்சுக்கு வந்தது இந்தி. வங்காளமே அதற்கு அப்புறம்தான் வந்தது. ஆங்கிலமும் இந்தியிலிருந்து போனது. ஆக அவர் கைப்பட எழுதின வரியைப் படித்தவர்களைவிட அவருடைய முதலாளி எழுதின வரியைப் படித்தவர்கள்தான் அதிகம். பிரபோத் குமார் நல்ல மனிதர், அந்த அம்மாவே அவரைத் 'தாதுஷ்' என்று அப்பா ஸ்தானத்தில் வைத்துக் கூப்பிட்டார், அதையெல்லாம் நான் குறைத்துப் பேசவில்லை. என் கேள்வி வேறு. அவரைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் பத்தியில் அந்தப் பேராசிரியர் வந்துவிடுகிறார். நீங்களும் இப்போது அப்படித்தானே சொன்னீர்கள்? நோட்டும் பேனாவும் கொடுத்தவரைப் பற்றி எவ்வளவு விவரம்! எழுதின பெண்ணுக்குக் கல்யாணம், அடி, ரயில், வேலை, அவ்வளவுதான். அவர் என்ன எழுதினார், எப்படி எழுதினார் என்று ஒரு வரிகூட உங்கள் பதிவில் இல்லை.

வெள்ளாற்றங்கரை அண்ணா, அந்தப் பெல்ட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். நான் படித்த எத்தனையோ பக்கங்களில் அப்படி ஒரு வரி பார்த்ததில்லை. கூட வேலை செய்கிறவனின் பெயர் தெரியாது, பெல்ட் தெரியும். இதை ஒருத்தர் 'முகமறியாத தோழர்' ஆக்கினால் அவர் திருத்தவில்லை, அழித்திருக்கிறார்.

பிழைதிருத்தி

நீங்கள் சொன்னதில் ஒன்று உறைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், இந்தியில் வரும் முன் வங்காளத்திலேயே வரட்டும் என்று அவர் காத்திருந்தால் புத்தகம் வந்திருக்குமா? புலம்பெயர்ந்து போனவன் எழுத்து பெரும்பாலும் இன்னொருவர் மொழி வழியாகத்தான் வெளியே வருகிறது. பெஹ்ரூஸ் பூச்சானியைப் பாருங்கள். ஈரானிலிருந்து தப்பி ஆஸ்திரேலியாவுக்குப் படகில் போன குர்திஷ் பத்திரிகையாளர். 2013ல் அவரைக் கொண்டுபோய் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் அடைத்தார்கள். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் பார்சி மொழியில் துண்டு துண்டாகச் செய்தி அனுப்பித்தான் முழுப் புத்தகமும் எழுதினார். வெளியே இருந்தவர்கள் அதைச் சேர்த்துக் கோப்பாக்கினார்கள், ஒமிட் தோஃபிகியான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2018ல் புத்தகம் வந்தது, 2019 ஜனவரியில் விக்டோரிய மாநிலத்தின் பெரிய இலக்கியப் பரிசு, 1 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பரிசு கொடுத்த மேடைக்கு அவரால் வர முடியவில்லை, அப்போதும் அதே தீவில்தான் இருந்தார். அங்கே எத்தனை கை பட்டிருக்கிறது பாருங்கள்!

கரிசல்காட்டாள்

பட்டது. ஆனால் எந்தக் கை எங்கே பட்டது என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது, ஐயா. மொழிபெயர்த்தவர் தான் என்ன செய்தேன் என்று நீளமாகவே எழுதியிருக்கிறார், பார்சியில் உரைநடையாக வந்ததைச் சில இடங்களில் ஏன் கவிதை வரிகளாக உடைத்தேன் என்பதுவரை. இரண்டு பேரும் பேசிப் பேசிச் செய்த வேலை அது. நம் ஊரில் எந்தப் பதிப்பகம் தன்வரலாற்று நூலில் 'இதை இன்னார் இந்த அளவு திருத்தினார்' என்று ஒரு பக்கம் போடுகிறது? செம்மையாக்கம் என்று ஒரு பெயர், அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

தோஹாமணல்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் கத்தாரில் 9 வருடம் டிரைவர். என் புத்தகத்தை எந்த எடிட்டரிடமும் கொடுக்காமல் சொந்தக் காசில் 300 பிரதி அடித்தேன், என் வார்த்தையில் யாரும் கை வைக்கக் கூடாது என்ற ரோஷத்தில். 110 பிரதி இன்னும் பரணில் இருக்கிறது, அது போகட்டும், காசு போனது வருத்தமில்லை. வருத்தம் வேறு. என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஊரில் வாங்கிய கடனைப் பற்றி, அவன் ராத்திரியில் அழுததைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருந்தேன். பாசத்தில்தான் எழுதினேன். பெயர், ஊர் எல்லாம் அப்படியே. அவன் மனைவிக்கு அந்தக் கடன் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டான். நண்பன் இப்போது என்னோடு பேசுவதில்லை, 4 வருடமாகிறது. "இந்தப் பெயரை எடுய்யா" என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. அதனால் எடிட்டர் வேண்டும் தம்பி. வரியைப் பூசி மெழுக இல்லை, இந்த மாதிரி இடத்தில் கையைப் பிடிக்க.

வெள்ளாற்றங்கரை

தோஹாமணல் அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி நோட்டைத் திரும்பப் புரட்டினேன். என் சின்னத் தம்பி இன்னும் அங்கே பெர்மிட்டில் இருக்கிறான். 2022ல் 19 வருடம் அங்கே வேலை பார்த்த ஒரு பங்களாதேஷ் கவிஞருக்கு, டார்ம் நிலைமை பற்றி ஃபேஸ்புக்கில் எழுதின பிறகு, பெர்மிட் புதுப்பிக்காமல் போனது செய்தியிலேயே வந்தது. நான் ஊருக்கு வந்துவிட்டேன், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனி பெயர், ஃபோர்மேன் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறேன். எடிட்டர் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பெல்ட்டை எடுத்தவர் அதைப் பார்க்கவில்லை.

சட்டக்குறிப்பு

ஒப்பந்தம் பற்றி யாருமே பேசவில்லையே. 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். பதிப்பகத்துக்கு உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்து வேண்டும், உங்கள் கையெழுத்து வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அதனால் 'எல்லா மொழிக்கும், எல்லாக் காலத்துக்கும்' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்திப் படியுங்கள். மொழிபெயர்ப்பு உரிமையைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். 57ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, உங்கள் பெயருக்குக் கெடுதல் வருகிற மாதிரி எழுத்தைச் சிதைத்தால் எதிர்க்கலாம். ஆனால் கோர்ட்டுக்குப் போய் நிரூபிப்பதைவிட 'எழுத்தாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் இறுதிப் பிரதி அச்சுக்குப் போகாது' என்று ஒரு ஷரத்து சேர்ப்பது சுலபம்.

பிழைதிருத்தி

இந்த ஷரத்தை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் கரிசல்காட்டாள் சொல்கிற மாதிரி நோட்டில் இருப்பது அப்படியே வர வேண்டும் என்றால் நான் ஒத்துக்க மாட்டேன். நோட்டு எழுதும்போது அவர் தனக்காக எழுதினார். டார்ம் என்றால் என்ன, லெவி என்றால் என்ன, அது தெரியாத வாசகர் மதுரையில் இருக்கிறார், அவருக்கும் புரிய வேண்டும். ஒரே சம்பவம் 2 நோட்டில் 2 தடவை இருக்கும், ஒன்றை எடுத்துத்தான் ஆக வேண்டும். இதெல்லாம் அழிப்பதா?

கரிசல்காட்டாள்

எடுக்கச் சொல்லுங்கள், கேட்கச் சொல்லுங்கள், மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எழுத மட்டும் செய்யக் கூடாது. ஒரு வரி தேவை என்றால் அந்த வரியை எழுத அவரிடமே கேட்கணும். என் அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அவர் சொல்லச் சொல்ல ஒருவர் பேட்டி எடுத்துப் போட்டார். அச்சில் வந்ததைப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, யாரு இந்தம்மா" என்று கேட்டார். நான் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, ஐயா.

வெள்ளாற்றங்கரை

நேற்று எடிட்டருக்குப் போன் போட்டேன். சண்டை போடவில்லை, அந்தப் பத்தியை என் நோட்டிலிருந்து வாசித்துக் காட்டினேன், அப்புறம் அவர் எழுதியதை வாசித்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒன்று கேட்டார்: "பெல்ட் என்றால் எந்தப் பெல்ட்? சேஃப்டி பெல்ட்டா, இடுப்பு பெல்ட்டா?"

இடுப்பு பெல்ட்தான் என்றேன். சேஃப்டி பெல்ட் சைட்டில் உயரத்தில் ஏறும்போது மட்டும்தான், லாரியில் எங்களுக்கு எந்தப் பெல்ட்டும் கிடையாது என்றேன். "இதை எழுதவே இல்லையே நீங்கள்" என்றார். உண்மைதான், எழுதவில்லை. எனக்கு அது தெரிந்த விஷயம், அதனால் எழுதத் தோன்றவில்லை. ராத்திரி உட்கார்ந்து நானே 2 வரி சேர்த்தேன். 3 அத்தியாயத்தையும் நோட்டில் உள்ளபடியே வைத்து, கேள்விகளை ஓரத்தில் எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறார். பெயர்கள் விஷயமும் பேசினேன், மாற்றிவிடலாம் என்றார்.

பிழைதிருத்தி

அப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த ஆளை விடாதீர்கள் தம்பி.

கரிசல்காட்டாள்

அந்தக் கேள்வியை 3 அத்தியாயம் எழுதித் தள்ளுவதற்கு முன்னால் கேட்டிருக்கணும், என் கோபம் இன்னும் போகவில்லை. அண்ணா, ஒப்புதல் ஷரத்து ஒப்பந்தத்தில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன்னால் 4 நோட்டையும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூல நோட்டை யாருக்கும் கூரியரில் அனுப்பாதீர்கள்.