சாஃப்ட் டாப் காருக்குள் மழைத்தண்ணீர்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. லண்டனில் இருக்கிறேன். என்னிடம் 2001 மாடல் ரெண்டு சீட் சாஃப்ட் டாப் (மடக்கும் துணிக் கூரை) கார். ஒரு ராத்திரி மழை பெய்தால் போதும், டிரைவர் பக்கம் கார்பெட்டை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வருகிறது. உள்ளே ஒரே பூஞ்சை வாடை.

முதலில் சீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகளைப் பார்த்தேன். டாப்பின் பின்பக்கம் வழியும் தண்ணீர் அதில்தான் கீழே இறங்க வேண்டும். வலது பக்கத் துளையில் மக்கிய இலையும் மண்ணும் களிமண் மாதிரி அடைத்திருந்தது. கம்பி விட்டால் குழாய் கிழியும் என்பதால் கெட்டியான நைலான் நரம்பை விட்டு எடுத்தேன். இப்போது தண்ணீர் தாராளமாக இறங்குகிறது.

ஆனாலும் ஒழுகல் நிற்கவில்லை. நேற்று மனைவி வெளியே ஹோஸைப் பிடிக்க, நான் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்தேன். கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்தோம். ஜன்னல் கண்ணாடியின் முன்பக்க மேல் மூலையில் ஒரு சொட்டு திரண்டு, முன்கண்ணாடியை ஒட்டிய தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் ஓடி மறைந்தது. அந்த இடத்தில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தினால், இழுத்ததும் சுலபமாக வந்துவிடுகிறது; அதாவது ஓர ரப்பர் அங்கே கண்ணாடியோடு இறுக்கமாக ஒட்டவில்லை.

ரப்பரையே மாற்ற வேண்டுமா, கண்ணாடியைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்துத் திருகினால் போதுமா? சிலிக்கான் பூசச் சொல்கிறார்கள், எனக்கு மனசில்லை. கார்பெட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகள் ஓடுகின்றன, அதுதான் பெரிய பயம். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.