சார்ட்டர் பள்ளி முறை டெல்லிக்குச் சரிவருமா?

ஜனக்புரி அம்மா:
அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 2005 கத்ரினா புயலுக்கு அப்புறம் கிட்டத்தட்ட எல்லா அரசுப் பள்ளிகளும் சார்ட்டர் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) ஆகி, மதிப்பெண்ணும் ஏறியதாமே. இங்கேயும் கொண்டுவரலாமா?

கரோல்பாக் வாசி:
பாதி ஏற்கெனவே இருக்கிறதுங்க. நம் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் ஏழும் அரசு உதவி பெறுபவைதான், சம்பளத்தில் 95 சதவீதம் அரசு, மீதி 5 நிர்வாகம். ஆனால் இங்கே மானியம் ஆசிரியர் பணியிடத்தைப் பார்த்து வருகிறது, அங்கே பிள்ளையோடு போகிறது, சேர்க்கை குறைந்தால் காசும் போச்சு.

ஆர்.கே.புரம் ஆசிரியை:
மதிப்பெண் ஏறியது உண்மை. ஆனால் 7,000-க்கும் அதிகமான பள்ளி ஊழியர்கள் வேலை இழந்தார்கள், ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் பல ஊர் திரும்பவே இல்லை, நிர்வாகச் செலவு கூடி கற்பிக்கும் செலவு குறைந்தது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஜனக்புரி அம்மா:
கற்பிக்கும் செலவு குறைந்ததா! அப்போது எனக்கு வேண்டாம்.