ஷீட்ஃபெட் ஆஃப்செட்டில் கியர் வரிசை இனியும் தேவையா?

மோட்டார்பிரியன்:
பதினொரு வருடம் வெப் ஆஃப்செட்டில் (உருளைக் காகிதம் நாடாவாக ஓடும் அச்சு மிஷின்) மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். தாள் தாளாக அச்சிடும் ஷீட்ஃபெட் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது. வெப்பில் மிஷின் நீளத்துக்கும் ஓடிய டிரைவ் ஷாஃப்டை 1990களிலேயே கழற்றிவிட்டு, யூனிட்டுக்கு யூனிட் (ஒரு கலருக்கு ஒரு யூனிட்) தனி மோட்டார் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே இன்னும் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை பல்லோடு பல் கோத்த கியர் வரிசைதான். எட்டு கலர் மிஷினின் பக்க மூடியைத் திறந்தால் தேர்ச்சக்கரங்களை வரிசையாக அடுக்கியது போல இருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் இடையே துளி இடைவெளி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துளி முறுக்கம். கடைசி யூனிட்டுக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் கூடி டபுளிங்காக, அதாவது புள்ளி இரட்டையாக விழுவதாக, வந்து நிற்கிறது.

என் கட்சி இது: கியரைத் தூக்காத வரை மற்ற மாற்றங்கள் எல்லாம் பழைய வண்டிக்குப் புது பெயின்ட். மறுப்பவர்கள் வரலாம்.

கிரிப்பர்பல்:
வந்துவிட்டேன். சார், வெப்பில் காகிதம் ஒரே நாடா. இரண்டு யூனிட்டுக்கு இடையே இசைவு தப்பினால் நாடா தளரும், இல்லை அறும். மிஷின் நிற்கும், மறுபடி கோத்து ஓட்டுவீர்கள். ஷீட்ஃபெட்டில் ஒவ்வொரு தாளையும் ஒரு சிலிண்டர் அடுத்த சிலிண்டருக்குக் கைமாற்ற வேண்டும். முதல் கிரிப்பர் (தாளின் விளிம்பைக் கவ்வும் விரல்) விடுவதற்கு முன்னால் அடுத்த கிரிப்பர் பிடித்திருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் தூரத்துக்கு இரண்டுமே தாளைப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு சிலிண்டரின் கிரிப்பர் விரல்கள் மற்றதன் பள்ளத்துக்குள் நுழைந்திருக்கும், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி. அப்படி இருக்கும்போது கரெண்ட் போகட்டும், இல்லை மோட்டாரின் நிலையை அளந்து சொல்லும் ஒரு என்கோடர் ஒயர் தளரட்டும். இரும்பு இரும்போடு மோதும். கிரிப்பர் பார் வளைந்த மிஷினை ஒருமுறை பிரித்துச் சேர்த்திருக்கிறேன், இன்னொரு முறை செய்ய ஆசை இல்லை.

கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 18,000 தாள் என்றால் நொடிக்கு 5. பிளேட் சிலிண்டர் (படம் உள்ள தகட்டைச் சுற்றிய உருளை) விட்டம் 270 மி.மீ. என்று வைத்தால் சுற்றளவு 848 மி.மீ. அப்படியானால் தாள் நொடிக்கு 4.2 மீட்டர் வேகத்தில் போகிறது. ரெஜிஸ்டர் (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது) 0.01 மி.மீ.க்குள் நிற்க வேண்டுமானால், நேரக் கணக்கில் சுமார் 2.4 மைக்ரோநொடிதான் கையில் இருக்கிறது. கியர் இந்த வேலையை எந்த மின்சாரமும் இல்லாமல் செய்கிறது.

மோட்டார்பிரியன்:
மைக்ரோநொடி என்றதும் பயந்துவிட மாட்டேன். 2000களிலேயே மிஷின் தயாரிக்கும் கேபிஏ, மான்ரோலாண்ட் இரண்டு பேரும் பிளேட் சிலிண்டருக்குத் தனி மோட்டார் போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்த மிஷின்களில் ரெஜிஸ்டர் நிற்கிறதா இல்லையா? நிற்கிறது. ஒரு சிலிண்டருக்கு முடிந்தது பத்துக்கு முடியாதா?

கிரிப்பர்பல்:
பிளேட் சிலிண்டரில் தாள் இல்லையே சார். அங்கே மோட்டார் தடுமாறினால் படம் கொஞ்சம் தள்ளிப் போகும், பத்து தாள் வேஸ்ட். அதே மிஷினில் தாளை அழுத்தும் இம்ப்ரெஷன் சிலிண்டரையும் அடுத்த யூனிட்டுக்குக் கடத்தும் டிரான்ஸ்ஃபர் டிரம்மையும் பாருங்கள், கியரில்தான் இருக்கும். கேபிஏ எஞ்சினியருக்குத் தனி மோட்டார் போடத் தெரியாமலா விட்டார்?

நாலுகலர்:
ஓட்டுகிறவன் ஒருவன் பேசலாமா? எனக்குக் கியரும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம், பிளேட் மாற்றும் நேரம்தான் வேண்டும்.

நான் கற்றுக்கொண்ட மிஷினில் பிளேட் ஏற்றுவது இப்படி. பின் கிளாம்பை ஸ்பேனரால் தளர்த்து, இன்ச் பட்டனை அழுத்தி மிஷினை அரைச் சுற்று நகர்த்து, பழைய பிளேட்டை உருவு. உள்ளே பிளேட்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பர் நழுவாமல் இருக்கத் துளி கிரீஸ் தடவு. புது பிளேட்டின் முன் விளிம்பைக் கிளாம்புக்குள் தள்ளு, மறுபடி இன்ச், வால் விளிம்பை மடக்கு, இறுக்கு. இறுக்கும்போது ஒரு மூலையை ஒரு இழை கூடுதலாக இறுக்கிவிட்டால் பிளேட் அந்தப் பக்கம் இழுபட்டு ரெஜிஸ்டர் சாய்ந்துவிடும். இப்படி நான்கு யூனிட். ஒரு யூனிட்டில் இன்ச் பண்ணினால் மிஷின் முழுக்கச் சுற்றும், அடுத்த யூனிட்டில் கைவைத்திருக்கும் ஆள் காத்திருக்க வேண்டும். கை போன கதை இங்கே நிறையப் பேருக்குத் தெரியும்.

தனி மோட்டார் வந்த மிஷினில் எல்லா பிளேட் சிலிண்டரும் தானே திரும்பி நிற்கும், எல்லா பிளேட்டும் ஒரே நேரத்தில் மாறும், அதே நேரத்தில் பக்கத்தில் பிளாங்கெட் (பிளேட்டின் படத்தை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் உறை) வாஷும் ஓடும். சின்ன சின்ன ஜாப் பத்து ஓட்டுகிற நாளில் அதன் அருமை தெரியும். மோட்டார்பிரியன் சொல்வதில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். மணிக்கு 15,000ஆ 18,000ஆ என்பதெல்லாம் ஆயிரம் தாள் ஜாப்பில் அர்த்தமே இல்லை. ஆயிரம் தாள் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும், முன்வேலைதான் முடியாது.

மைவாசம்:
மூன்று பேரும் டிரைவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஷீட்ஃபெட்டை மாற்றிய வேலைகள் வேறு இடத்தில் நடந்தன.

ஒன்று, இரட்டை விட்ட இம்ப்ரெஷன் சிலிண்டர். ஜெர்மனியில் ராடபாய்ல் நகரத்து பிளானெட்டா (பின்னாளில் கேபிஏவோடு சேர்ந்தது) 1965இல் வேரியன்ட் என்று யூனிட் யூனிட்டாகக் கோக்கும் மிஷினைக் கொண்டுவந்தது. இம்ப்ரெஷன் சிலிண்டரைப் பெரிதாக்கி, பிளாங்கெட்டுக்கும் அதற்குமான இருப்பைக் கடிகாரத்தின் ஏழு மணி முள் கோணத்தில் வைத்தால் என்ன நடக்கும்? தாளின் வால் அச்சாகி முடிந்த பிறகுதான் தலை அடுத்த கிரிப்பருக்குப் போகும். பழைய அமைப்பில் வால் இன்னும் நிப்பில் (இரண்டு சிலிண்டரும் அழுந்தும் இடத்தில்) மாட்டியிருக்கும்போதே தலையைக் கைமாற்றினார்கள். ஒரு பக்கம் இழுப்பு, ஒரு பக்கம் அழுத்தம். அதோடு வளைவு மெதுவாகிறது, அட்டையைக்கூட மடங்காமல் ஓட்டலாம். இதற்கு ஒரு மோட்டாரும் தேவைப்படவில்லை.

இரண்டு, பிளாங்கெட். அமுங்கும் பிளாங்கெட் வருவதற்கு முன் கெட்டி ரப்பர்தான். அழுத்தினால் ரப்பருக்குப் போக இடமில்லாமல் நிப்புக்கு முன்னும் பின்னும் பிதுங்கும், புள்ளி இழுபடும். உள்ளே காற்றுக் குமிழ் அடுக்கு வைத்த பிளாங்கெட் வந்ததும் பாதிச் சண்டை ஓய்ந்தது. யார் பாராட்டினார்கள்? ஒருவரும் இல்லை.

மூன்றாவதாகத் தண்ணீர், படம் இல்லாத இடத்தில் மை ஒட்டாமல் இருக்கப் பிளேட்டை நனைப்பது (டேம்பனிங்). துணி உறை போட்ட டேம்பனிங் ரோலரைத் துவைத்துத் துவைத்து உறை மாட்டியவர்களுக்குத் தெரியும், தொடர் ஓட்ட டேம்பனிங் என்ன நிம்மதி என்று. (ஆல்கஹால் கலந்த தண்ணீர் அதோடு வந்தது, அது தனித் தலைவலி, இங்கே வேண்டாம்.)

இன்னும் புதிதாக வேண்டுமா? 2006இல் ஹைடல்பெர்க் கொண்டுவந்த அனிகலர். மையின் அளவை இடத்துக்கு இடம் திருத்தும் இங்க் கீயே கிடையாது. நுண்குழிகள் கொண்ட அனிலாக்ஸ் ரோலர் மையை அளந்து எடுக்கும், பிளேட்டில் மை தடவும் ஃபார்ம் ரோலர் பிளேட் சிலிண்டர் அளவே இருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று என்பதால் கோஸ்டிங்குக்கு (படத்தின் நிழல் மங்கலாக மறுபடி விழுவது) வேலையே இல்லை. இது இயந்திர முன்னேற்றம் இல்லை என்றால் எது?

மோட்டார்பிரியன்:
இரட்டை விட்டத்தைப் புகழ்கிறீர்கள், அதன் செலவையும் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு தாள் என்றால் இரண்டு கிரிப்பர் வரிசை. இரண்டு வரிசையும் அச்சு அசலாக இருந்தால்தான் ஒற்றைத் தாளும் இரட்டைத் தாளும் ஒன்றுபோல வரும். எடையும் பல மடங்கு. அந்த எடையை நிறுத்தும்போது கியர் பல் என்ன ஆகிறது என்று கிரிப்பர்பல் அண்ணன் சொல்லட்டும்.

கிரிப்பர்பல்:
சொல்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. கியர் வரிசை நன்றாக ஓடுவது ஒரே ஒரு நிபந்தனையில்: பல்லின் ஒரே பக்கம் எப்போதும் அழுந்தியிருக்க வேண்டும். சாய்வுப் பல் போடுவதும் ஒன்றுக்கு மேற்பட்ட பற்கள் சேர்ந்தே சுமக்கட்டும் என்றுதான். ஓடும்போது பிரச்சினை இல்லை. சட்டென வேகத்தைக் குறைத்தால் பின்னால் உள்ள யூனிட்டுகள் தம் எடையால் முன்னே தள்ளும், பல் எதிர்ப் பக்கம் போய் ஒட்டும். அந்தச் சில தாள்களில் ரெஜிஸ்டர் ஆடும். அதனால்தான் வேகம் மாற்றும் இடத்தில் வரும் தாளை மாதிரியாக எடுக்காதே என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். நீளமான மிஷினில் முறுக்கு அதிர்வும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பாதிப் பழி கியருக்குச் சேராது. பிளேட் சிலிண்டரிலும் பிளாங்கெட் சிலிண்டரிலும் கிளாம்புக்காக ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளம் எதிரெதிரே வரும்போது அழுத்தம் போய்விடும், கடந்ததும் தடாலென்று திரும்ப வரும். நொடிக்கு 5 தடவை இந்த அடி. அதைத் தாங்கத்தான் இரண்டு ஓரத்திலும் பேரர் ரிங் என்ற எஃகு வளையம். ரிங்கோடு ரிங் அழுந்தி ஓடினால் அடி சிலிண்டரை அசைக்காது. பேக்கிங்கை ஒரு பேப்பர் கூடுதலாக வைத்து, ரிங்கைத் துடைக்காமல் மை காய விட்டு, அப்புறம் கோடு விழுகிறது, கியர் போய்விட்டது என்பார்கள். எத்தனை தனி மோட்டார் போட்டாலும் பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும்.

மோட்டார்பிரியன்:
பேரர் ரிங் விஷயத்தில் சண்டை இல்லை. ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள். இருபக்கமும் அச்சிடும் மிஷினில் தாளைப் புரட்டும் இடத்தில் கியர் வரிசை ஏற்கெனவே இரண்டாகத்தான் இருக்கிறது. தாள் நீளத்துக்கு ஏற்ப முன்பாதியையும் பின்பாதியையும் தளர்த்தித் திருப்பி மறுபடி கிளாம்ப் பண்ணுகிறீர்கள். அங்கே ஆகும் என்றால் மற்ற இடத்தில் ஏன் ஆகாது?

கிரிப்பர்பல்:
நிறுத்தி வைத்துத் தளர்த்துகிறோம், இறுக்கிய பிறகுதான் ஓட்டுகிறோம். ஓடும்போது அது ஒரே கியர்தான். உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

அரைப்புள்ளி:
ப்ரீபிரஸ் (அச்சுக்கு முன் பிளேட் தயாரிக்கும் பிரிவு) ஆள், குறுக்கே ஒரு சந்தேகம். டபுளிங், ஸ்லர் இரண்டும் ஒன்றுதானா? எங்களிடம் திருப்பி அனுப்பும்போது இரண்டு பெயரும் மாறி மாறி வருகிறது.

மைவாசம்:
வேறு வேறு. ஸ்லர் என்றால் நிப்புக்குள்ளேயே புள்ளி இழுபடுவது. டபுளிங் என்றால், முந்தைய யூனிட்டின் ஈர மை அடுத்த யூனிட்டின் பிளாங்கெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்த தாளில் இழையளவு தள்ளி மறுபடி விழுவது. தாள் ஓரத்தில் சோதனைக்காக அச்சிடும் கன்ட்ரோல் பட்டையில் நட்சத்திரக் குறி வைத்தீர்கள் என்றால் லூப்பில் (பூதக்கண்ணாடியில்) பாருங்கள். ஸ்லரில் நடுப்பொட்டு முட்டை வடிவாகும், டபுளிங்கில் எட்டு என்ற எண் மாதிரி இரண்டாகும்.

நாலுகலர்:
நல்லவேளை அரைப்புள்ளி கேட்டார். நம் மிஷினில் இப்போது ஓடும் ஜாப்பில் இந்த எட்டுதான் தெரிகிறது, சயானில். மணிக்கு 9,000இல் இல்லை, 12,000 தாண்டினால் வருகிறது. வரிசை கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள். பிரஸ் முழுக்கக் கியர்தான், தனி மோட்டார் கிடையாது. மோட்டார்பிரியன் உடனே கியர் என்பார்.

மோட்டார்பிரியன்:
வேகத்தோடு வருகிறது என்றால் கியர்தான். முறுக்கு அதிர்வு.

கிரிப்பர்பல்:
பொறுங்கள். 12,000இல் ஓட்டிக்கொண்டே கடைசி யூனிட்டின் இம்ப்ரெஷனைத் தூக்குங்கள், தாளைப் பாருங்கள். அப்புறம் மூன்றாவதையும் சேர்த்துத் தூக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் இறக்கி, வரிசை கலையாமல் பத்து தாள் எடுத்து எண் போட்டு, ஒவ்வொரு கலரிலும் விழும் ரெஜிஸ்டர் சிலுவைகளை லூப்பில் பாருங்கள். கறுப்பிலும் மெஜந்தாவிலும் டபுளிங் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

நாலுகலர்:
பார்த்தேன். நான்காவதை மட்டும் தூக்கினால் டபுளிங் அப்படியே இருக்கிறது. மூன்றும் நான்கும் தூக்கினால் போய்விடுகிறது. கறுப்பிலும் லேசாக உண்டு, மெஜந்தா சுத்தம். சிலுவைதான் வேடிக்கை: கறுப்பும் சயானும் ஒன்றோடு ஒன்று அசையவே இல்லை. மெஜந்தாவும் மஞ்சளும் அப்படியே. இந்த ஜோடிக்கும் அந்த ஜோடிக்கும் நடுவில் 1, 3, 5, 7, 9 ஒரு மாதிரி, 2, 4, 6, 8, 10 வேறு மாதிரி.

கிரிப்பர்பல்:
அப்படியானால் இரண்டாவது யூனிட்டுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் எங்கோ தாள் நழுவுகிறது, அதுவும் ஒன்று விட்டு ஒன்று. அங்கே உள்ள டிரான்ஸ்ஃபர் டிரம் இரட்டை விட்டம்தானே? இரண்டு கிரிப்பர் வரிசையில் ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை. வேகம் கூடும்போது பின்னால் இழுக்கும் காற்றும் மையின் பிசுக்கும் கூடுகிறது, தளர்ந்த பிடி அப்போதுதான் விடுகிறது. மிஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிரிப்பருக்கும் கீழே ஒரு காகிதப் பட்டையை வைத்து இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கமாக வர வேண்டும்.

நாலுகலர்:
முதல் வரிசை எல்லாம் கெட்டி. இரண்டாவது வரிசையில் நடுவில் மூன்று கிரிப்பர், பட்டை வெண்ணெயில் இருந்து உருவியது மாதிரி வந்தது. கிரிப்பர் தாளை அழுத்திப் பிடிக்கும் பேடில், தாள்கள் ஒட்டாமல் இருக்கத் தூவும் பவுடரும் மையும் சேர்ந்து கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, ஒன்றில் ஸ்பிரிங்கும் உடைந்திருக்கிறது. சுத்தம் செய்து ஸ்பிரிங் மாற்றி இப்போது 13,000இல் ஓடுகிறது. லூப்பில் எட்டைக் காணோம்.

மோட்டார்பிரியன்:
சரி, இந்த முறை கியர் இல்லை.

கிரிப்பர்பல்:
இந்த முறை இல்லை சார். அடுத்த முறை இருந்தால் நானே உங்களுக்கு எழுதுகிறேன்.