சனிக்கிழமை கசுபி போறோமா?

பாபு: அத்தை, வெள்ளிக்கிழமை எண்டெபே ஏர்போர்ட்டுக்கு கார் எடுத்துட்டு வந்துடறேன். சனிக்கிழமை கசுபி மலைக்குப் போறோம், மாமா ஆசைப்பட்டார்

லதா அத்தை: என்ன கோயில் அது

பாபு: கோயில் இல்ல. இங்க உகாண்டால இருக்கற புகாண்டா ராஜ்யத்து ராஜாக்கள் சமாதி

லதா அத்தை: புதன்கிழமை வளைகாப்பு. சனிக்கிழமை சமாதியா

லதா அத்தை: புத்தி இருக்கா உனக்கு

திவ்யா: நான் போகல அத்தை 🙏

லதா அத்தை: அவன் போயிட்டு உன் வீட்டுக்குத்தானே வருவான்

பாபு: முதல்ல அது அரண்மனை அத்தை. 1882ல முதலாம் முத்தேசா கட்டுனது. 84ல அவர் போனதும் அங்கயே அடக்கம். அதுவரைக்கும் ராஜாவோட தாடை எலும்ப மட்டும் எடுத்து தனியா வேற இடத்துல வெப்பாங்க. இவருக்குதான் முழு உடம்பும் ஒரே இடத்துல. அப்புறம் மகன், பேரன், கொள்ளுப்பேரன்னு மொத்தம் 4 கபக்கா, அதாவது ராஜா, அங்க இருக்காங்க

லதா அத்தை: 🤢 சாப்பிட்டுட்டு இருக்கேன்

ரவி சித்தப்பா: மணி 4 அக்கா

மாமா: தாடை மேட்டர் நல்லாருக்கு. மேல சொல்லு

பாபு: பெரிய வட்டக் கூரை, புல்லு வேய்ஞ்சது. உள்ள 52 வளையம், குலத்துக்கு ஒண்ணு. வேயற உரிமை ங்கேயே குலத்துக்குதான். மரப்பட்டைத் துணில திரை, அதுக்குப் பின்னாடி 'காடு'. ராஜா செத்தார்னு சொல்ல மாட்டாங்க, காட்டுக்குள்ள போயிட்டார்னுதான். அதனால தீட்டே இல்ல 😄

லதா அத்தை: அத நம்ம ஐயர் சொல்லட்டும்

செந்தில்: 2010ல எரிஞ்சதுதானே?

பாபு: ஆமா, மார்ச் 16. திரும்பக் கட்டி, 2023லதான் யுனெஸ்கோ, ஆபத்துல இருக்கற பாரம்பரிய இடங்கள் பட்டியல்லேர்ந்து எடுத்துச்சு

செந்தில்: நம்ம மொட்டைமாடி ஒழுகல் இன்னும் பட்டியல்லயே இருக்கு

ரவி சித்தப்பா: பங்கு குடுத்தா சரி பண்ணலாம்

மாமா: அந்த ராஜாக்கள்ல ஒருத்தர் வெளிநாட்டுல இறந்தவராமே

பாபு: ரெண்டு பேர் மாமா. மகன் ம்வாங்கா 1903ல சீஷெல்ஸ்ல போனார், 1910ல கொண்டு வந்தாங்க. கொள்ளுப்பேரன் ரெண்டாம் முத்தேசா 1969ல லண்டன்ல. 71ல அப்ப ஆட்சில இருந்த இடி அமீன் உடம்ப வரவழைச்சார். அடுத்த வருஷம் உகாண்டாலேர்ந்து நம்ம இந்தியாக்காரங்கள விரட்டுனதும் அவரேதான்

லதா அத்தை: லண்டன்லேர்ந்து உடம்பே வந்துடுச்சு. காசிக்குன்னு எடுத்து வெச்ச அப்பா அஸ்தி கொல்லை மாமரத்த தாண்டல

ரவி சித்தப்பா: அக்கா இங்க வேண்டாம்

ரவி சித்தப்பா: டிக்கெட் போட்டேன், கொரோனா வந்துடுச்சு

லதா அத்தை: அது போயும் எத்தன வருஷம்

ரவி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லதா அத்தை: படிச்சுட்டேன்

செந்தில்: 🍿

மாமா: செருப்பு கழட்டணுமா பாபு

பாபு: ஆமா. பொம்பளைங்க பேன்ட் போட்டிருந்தா மேல துணி சுத்தணும், புடவைன்னா பிரச்சனை இல்ல. உள்ள தரைலதான் கால மடிச்சு உக்காரணும்

லதா அத்தை: எனக்கு முட்டி மடங்காது

லதா அத்தை: வரேன்னு சொல்லல

மாமா: நீ கார்ல இரு

லதா அத்தை: வெயில்லயா

பாபு: சரி, வளைகாப்பு முடிஞ்சு வியாழன்? திறந்திருக்கான்னு டிரைவர்கிட்ட கேக்குறேன்

திவ்யா: வியாழன் ஸ்கேன்

மாமா: நான் சனிக்கிழமை ரெடி

லதா அத்தை: திவ்யா, வளையல் 2.4ஆ 2.6ஆ? கடைல நிக்கறேன்